மூலம் ஒன்று, உரை வேறு

சர்வரை அப்கிரேட் செய்த இரவில் இணையதளம் திறக்காமல் போவதைவிட மோசமான விபத்து ஒன்று உண்டு. தளம் தேவைக்கு மேல் திறந்துகொள்வதுதான் அது. உபுண்டு லினக்ஸ் 20.04-இல் பிஎச்பி மொழியின் 7.4 பதிப்பு இருந்தது, உபுண்டுவை 22.04-க்கு உயர்த்தினால் வந்து உட்காருவது 8.1. இந்த மாற்றத்தின்போது சில சர்வர்களில் பழைய பிஎச்பி இணைப்பு அகற்றப்பட்டு, புதியது இன்னும் பொருத்தப்படாத நிலையில் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மட்டும் உற்சாகமாக வேலையைத் தொடங்கிவிடும். பிஎச்பி கோப்பு ஒன்றைக் கேட்டு யாராவது வந்தால், அதை யாரிடம் கொடுத்து இயக்கச் சொல்வது என்று அப்பாச்சிக்குத் தெரியாது. தெரியாவிட்டால் அது பிழை சொல்லாது. கோப்பில் இருப்பதை அப்படியே எடுத்து நீட்டிவிடும். பார்வையாளரின் திரையில் பக்கம் தோன்ற வேண்டிய இடத்தில் நிரல் தோன்றும். அதன் ஐந்தாவது ஆறாவது வரியிலேயே டேட்டாபேஸின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதியிருப்பது பழைய தளங்களில் சகஜம். இந்த நிலையில் நிர்வாகியின் கை முதலில் தேடுவது பழைய பிஎச்பியைத்தான். எப்படியாவது 7.4-ஐ, சில இடங்களில் 5.6-ஐக்கூட, புதிய சர்வரில் ஏற்றித் தளத்தை எழுப்பிவிட வேண்டும். அப்படிச் செய்வது சோம்பேறித்தனம் என்றும், பாதுகாப்பு பற்றிய அலட்சியம் என்றும் வகுப்பு எடுப்பவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எது என்பதைப் பிரித்தெடுப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

நிரல் என்பது கோப்பில் எழுதிவைத்த வரிகள் என்று நாம் நினைக்கிறோம். வரிகள் மூலம் மட்டுமே; அதற்குப் பொருள் சொல்வது இன்டர்பிரட்டர், அதாவது அந்த வரிகளை வாசித்து நடத்திவைக்கும் மென்பொருள். திருக்குறள் ஒன்றுதான் என்றாலும் மணக்குடவர் உரையில் ஒரு வைப்புமுறையும் பரிமேலழகர் உரையில் வேறொரு வைப்புமுறையும் இருக்கின்றன. பல குறள்களுக்குப் பொருளும் வேறு. உரை மாறினால் மூலத்தில் ஓர் எழுத்தும் அசையாமலே நூல் சொல்வது மாறிவிடும். கணினி மொழியில் இந்த நிலைமை இன்னும் கறாரானது. உரையாசிரியரோடு முரண்பட்டு நாமாக மூலத்தைப் படித்துப் பொருள் கொள்ள அங்கே வழியில்லை. 5.6 என்ற உரையைக் கேட்டு எழுதப்பட்ட நிரலை 8.1-இன் கையில் கொடுத்தால், 8.1 சொல்வதுதான் அன்றைக்கு அந்த நிரலின் பொருள்.

கல்லூரி ஒன்றின் கட்டண நிரலைக் கற்பனை செய்துகொள்வோம். நிலுவை என்ற கட்டத்தில் எழுத்தர் தொகையை நிரப்ப வேண்டும். நிலுவை இல்லாதவர்களுக்கு 0 என்று போடுவதற்குப் பதிலாக, மனிதர்கள் எழுதுவதுபோல் ‘இல்லை’ என்று அவர் நிரப்பிவிடுகிறார். நிரலில் ஒரே ஒரு வரிதான்: நிலுவை == 0 என்றால் தேர்வு அனுமதிச் சீட்டைக் கொடு. பிஎச்பி 7 வரை, எண்ணையும் எழுத்துச் சரத்தையும் ஒப்பிடச் சொன்னால் சரத்தை எண்ணாக்கிப் பார்ப்பது வழக்கம். எண்ணே இல்லாத சரத்தின் மதிப்பு சுழியம். ஆகவே ‘இல்லை’ == 0 என்பது உண்மை; மாணவருக்குச் சீட்டு கிடைக்கும். 2020 நவம்பரில் வந்த 8.0 இந்த விதியைத் திருப்பிப் போட்டது. சரம் எண்ணாக இல்லாவிட்டால், எண்ணைத்தான் சரமாக்கி ஒப்பிடும். ‘0’ வேறு, ‘இல்லை’ வேறு, ஒப்பீடு பொய்யாகிவிடும். நிலுவையே இல்லாத மாணவர்கள் அத்தனை பேருக்கும் சீட்டு மறுக்கப்படும். திரையில் சிவப்பு எழுத்து வராது, பதிவேட்டில் பிழை விழாது, சர்வர் ஆரோக்கியமாக இருக்கும். புதிய விதிதான் அறிவுக்குப் பொருந்துகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழுத்தரும் நிரலும் பழைய பிஎச்பியும் சேர்ந்து பத்து வருடமாக நடத்திவந்த ஒரு மௌன ஒப்பந்தம் அந்த நியாயமான திருத்தத்தில் முறிந்துபோகிறது.

அப்கிரேட் உடைப்பவற்றில் சத்தமானவையும் உண்டு, மௌனமானவையும் உண்டு. 2015 டிசம்பரில் வந்த 7.0, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கான பழைய இணைப்புச் செயற்கூறுகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. அவற்றைக் கூப்பிடும் நிரல் அந்த வரியிலேயே செத்து விழும். 8.0-இல் ‘ஈச்’ என்ற செயற்கூறு போனது. ஒன்றுமில்லாததை எண்ணச் சொன்னால் 7.2 முணுமுணுத்ததோடு நிறுத்திக்கொண்டது, 8.0 வேலையையே நிறுத்தியது. இவை பிரச்சினையே இல்லை என்பேன். விழுந்த இடம் தெரிந்தால் தூக்கி நிறுத்தலாம். செலவு வைப்பவை மௌனமானவை.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு மௌனம் உண்டு. யுனிகோடை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பழைய மைஎஸ்க்யூஎல் தன் இயல்பில் லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டிருந்தது. தமிழ்ப் பைட்டுகளைக் கொடுத்தால் அவற்றை ஐரோப்பிய எழுத்துகள் என்று நம்பி உள்ளே வைக்கும். கேட்டால் அதே நம்பிக்கையோடு அதே பைட்டுகளைத் திருப்பித் தரும். பிரவுசர் அவற்றைத் தமிழாகக் காட்டிவிடும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்து விடை சரியாகிவிட்ட கணக்கு இது. 2018-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 தன் இயல்பை யுடிஎஃப்-8 பக்கம் மாற்றிக்கொண்டது. இணைப்பும் அந்த முறைக்கு மாறிவிட்டால், உள்ளே ஐரோப்பிய எழுத்து என்று குறித்துவைத்ததைக் கடமை தவறாமல் யுடிஎஃப்-8 ஆக்கித் தரும். த என்ற ஓர் எழுத்து, தலையில் கோடு சாய்ந்த லத்தீன் ஏ, வட்டத்துக்குள் ஆர், பிறகு ஒரு நாணயக் குறி என்று மூன்றாக உடைந்து திரைக்கு வரும். பழைய தமிழ்த் தளங்களில் இந்த வரிசையைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் நிறைய பேர். இதில் பிஎச்பியின் குற்றம்கூட இல்லை. ஒரே இரவில் ஏறிய இன்னொரு மென்பொருளின் குற்றம், அதுவும் சரியானதைச் செய்த குற்றம்.

ஆகவே பழைய பதிப்பை ஏற்றிவைப்பவர் காப்பாற்றுவது அந்த நிரலின் பொருளை. அதைச் செய்ய இன்று தொழில்நுட்பம் தடையாக இல்லை. முன்பு பிஎச்பியை அப்பாச்சியின் வயிற்றுக்குள்ளேயே ஒரு மாட்யூலாக ஏற்றுவார்கள். ஒரே செயலிக்குள் இரண்டு பிஎச்பி ஒத்துப்போகாது என்பதால் சர்வருக்கு ஒரு பதிப்புதான். 2010-இல் 5.3.3-உடன் பிஎச்பிக்குள்ளேயே சேர்க்கப்பட்ட எஃப்பிஎம் இந்த ஏற்பாட்டை மாற்றியது. எஃப்பிஎம் தனிச் செயலியாக ஓடும். வெப் சர்வர் அதனுடன் ஒரு சாக்கெட் வழியாகப் பேசும். 8.1-க்கு ஒரு சாக்கெட், 7.4-க்கு ஒன்று, 5.6-க்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, எந்தத் தளம் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். டெபியன் குழுவைச் சேர்ந்த ஒன்ட்ரேய் சூரி பல பதிப்புகளை அருகருகே நிறுவும்படி தொகுத்து வழங்குவதால், அவற்றைக் கட்டும் வேலைகூட பெரும்பாலோருக்கு மிச்சம். இவ்வளவு வசதியிலும் சறுக்குமிடம் ஒன்று இருக்கிறது. தளத்தை 7.4-இன் கதவுக்குத் திருப்பிவிட்டவர் குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான் அட்டவணையை மறந்துவிடுவார். இரவு 2 மணிக்கு அறிக்கை தயாரிக்கும் வரியில் ‘பிஎச்பி’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அந்தப் பெயர் இப்போது 8.1-ஐச் சுட்டுகிறது. பகலில் ஓர் உரை, இரவில் ஓர் உரை. தளம் நன்றாக ஓடுகிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருக்க, நள்ளிரவுக் கணக்கு மட்டும் வேறு விதியில் நடக்கும்.

இதுவரை சொன்னது பழைய பதிப்பின் பக்கத்து நியாயம். இனி மறுபாதி. உரையாசிரியர் ஏட்டில் இருக்கிறார், அவரை யாரும் ஏமாற்றித் தங்கள் சொல்லைச் சொல்ல வைக்க முடியாது. இன்டர்பிரட்டர் அப்படியல்ல. அது சி மொழியில் எழுதிய இன்னொரு நிரல். உலகம் முழுவதிலிருந்தும் யார் எது அனுப்பினாலும் வாங்கிப் பிரித்துப் பார்க்கும் இடத்தில் நிற்கிறது. 2012-இல், கோரிக்கைக்கு ஒரு முறை வெப் சர்வர் தனியாக அழைத்து ஓட்டும் பிஎச்பியின் சிஜிஐ வடிவத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இணைய முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு சிறுகோட்டில் தொடங்கி எழுதினால், அதை முகவரியின் பகுதியாகப் பார்க்காமல் தனக்கிடப்பட்ட கட்டளையாக பிஎச்பி எடுத்துக்கொண்டது. வழிப்போக்கர் கதவில் ஒட்டிய சீட்டை முதலாளியின் உத்தரவு என்று வேலைக்காரர் படித்த கதை. சிறுகோட்டில் தொடங்குவதை ஏற்காதே என்று திருத்தினார்கள், விஷயம் அடங்கியது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 2024-இல், தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் அதே கதவு திறந்திருப்பதைக் காட்டினார். விண்டோஸில் ஓர் எழுத்து அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, சரியான ஜோடி இல்லாத எழுத்துக்குத் தோற்றத்தில் நெருங்கிய ஒன்றைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. வரி முடிவில் சொல்லை உடைக்க மட்டும் பயன்படும் மென்சிறுகோடு என்ற குறி ஒன்று உண்டு. பைட் மதிப்பு 173. சீன, ஜப்பானிய அமைப்பில் ஓடும் விண்டோஸ், அந்த 173-ஐ நிஜச் சிறுகோடாக மாற்றிக் கொடுத்துவிடும். பிஎச்பியின் காவல் சரிபார்ப்பது 45 என்ற நிஜச் சிறுகோட்டைத்தான். 173 வந்தால் விட்டுவிடும், உள்ளே போனபின் அது 45 ஆகிவிடும். மாறுவேடம் போட்டு வாசலைத் தாண்டி, உள்ளே வேடத்தைக் கலைத்ததுபோல. 2024 ஜூன் 6 அன்று 8.1, 8.2, 8.3 ஆகிய மூன்று கிளைகளுக்குத் திருத்தம் வந்தது. 8.0-க்கு இல்லை, 7-க்கு இல்லை, 5-க்கு இல்லை. ஓட்டை அவற்றிலும் இருந்தது, ஆதரவுக் காலம்தான் முடிந்திருந்தது. சில நாள்களுக்குள் அந்த வழியாகப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் நுழையத் தொடங்கியது. பழைய பதிப்பின் பிரச்சினையை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆதரவு முடிந்த மென்பொருளில் புதிதாக ஓட்டை விழுவதில்லை. ஏற்கெனவே இருப்பது ஒரு நாள் எல்லோருக்கும் தெரியவருகிறது, அடைக்க ஆள் இல்லை.

அப்படியானால் பொருளுக்காக வைத்துக்கொள்ள வேண்டும், வாசலில் நிற்பதற்காகக் கைவிட வேண்டும் என்று ஒரே மென்பொருளைப் பற்றி இரண்டு தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் சரி என்பதே என் வாதம். எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற கேள்வியில் சண்டை போட்டுக்கொண்டிருப்பதால், அந்தப் பதிப்பை யார் வந்து தொட முடியும், அது எதைத் தொட முடியும், எந்தத் தேதிவரை என்ற மூன்று கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. பழைய 7.4 தனக்கென ஒரு பயனர் கணக்கில், தன் தளத்தின் கோப்புகளை மட்டும் படிக்கும் உரிமையோடு, தன் டேட்டாபேஸை மட்டும் திறக்கும் கடவுச்சொல்லோடு, அலுவலக வலைக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளுக்கு மட்டும் பதில் சொன்னால், அதன் ஓட்டைகள் மறைந்துவிடாது. ஓட்டை வழியாக எட்டக்கூடிய இடம் சுருங்கும். அதே 7.4, புதிய தளங்களோடு ஒரே பயனர் கணக்கைப் பங்கிட்டுக்கொண்டு ஊர் பார்க்க நின்றால், பக்கத்தில் 8.3 ஓடுவதால் எந்தப் பயனும் இல்லை.

வேலை செய்வதை ஏன் தொட வேண்டும் என்ற எதிர்வாதம் பழையது, வலுவானதும்கூட. அதில் ஒளிந்திருக்கும் அனுமானம், தொடாத பொருள் மாறாது என்பது. 2021 செப்டம்பர் 30 அதைப் பொய்யாக்கியது. கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், தன் சான்றிதழ்ச் சங்கிலியைத் தன் சொந்த வேர்ச் சான்றிதழிலும், கூடவே டிஎஸ்டி என்ற பழைய வேர்ச் சான்றிதழிலும் முடித்துவைத்திருந்தது. அன்றைக்குப் பழைய வேரின் காலக்கெடு முடிந்தது. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் புதிய பதிப்பு தனக்கு நம்பிக்கையான இன்னொரு வேர் கையிலிருப்பதைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டது. 1.0.2-உம் அதற்கு முந்தியவையும், கொடுத்த சங்கிலியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போய், காலாவதியான வேரில் முட்டி, இணைப்பை மறுத்தன. யாரும் எதையும் தொடவில்லை. முதல் நாள் வரை வெளியிலிருந்து நாணய மாற்று விகிதத்தையோ வானிலையையோ வாங்கிவந்த பழைய நிரல்கள் மறுநாள் கை விரித்தன. பழைய மொழிப் பதிப்பு தனியாக வருவதில்லை. தனக்குப் பழக்கமான பழைய நூலகங்களையும் கூட்டிக்கொண்டு வரும். உபுண்டு 22.04-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 இருக்கிறது. அதோடு பேசத் தெரிந்த முதல் பிஎச்பி 8.1. அதற்கு முந்தியதை மூல நிரலிலிருந்து கட்ட முனைந்தால், ஒட்டுப் போட வேண்டும் அல்லது 1.1.1-ஐயும் தோளில் சுமந்து வர வேண்டும். 1.1.1-இன் பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஒரு முதியவருக்கு அறை கேட்டு வந்தவர் ஒரு குடும்பத்தையே குடிவைக்கிறார்.

எண் பழையது என்றாலே ஆபத்தா என்ற மறுப்பு இதைவிட நுட்பமானது, அதற்கு நான் தலையசைக்கத் தயார். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 தன்னோடு கொண்டுவந்தது பிஎச்பி 5.4.16. பிஎச்பி குழு 5.4 கிளையை 2015-இலேயே கைகழுவியது. ரெட் ஹேட் 2024 ஜூன் வரை அந்த அமைப்பைப் பராமரித்தது. பிஎச்பியின் புதிய கிளைகளுக்கு வெளியாகும் திருத்தத்தை எடுத்துப் பழைய நிரலுக்குள் தைத்து, எண்ணை மாற்றாமல் அனுப்புவார்கள். வெளியிலிருந்து பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சிவப்புப் பட்டியல் போடும் சோதனைக் கருவிகள் இதைப் புரிந்துகொள்வதில்லை. மேலும், சம்பளம் கொடுத்து ஒருவரை நியமித்துத் தைக்கச் சொல்வதால் இது என் வாதத்துக்கு எதிரி அல்ல. தையற்காரர் இருக்கும்வரை துணி பழையதல்ல. ஆனால் அவர் தைப்பதாக ஏற்றுக்கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. முக்கியமான ஓட்டைகளை மட்டும் அடைப்பார், எல்லாவற்றையும் அல்ல. அதோடு, அவர் தைப்பது தன் பழைய அமைப்பில் தானே வைத்த பிஎச்பியை. அப்கிரேட் செய்த புதிய சர்வரில் நாமே இறக்குமதி செய்துவைத்த 5.6 அவர் கணக்கில் சேராது. இந்த வித்தியாசம் பலருக்குச் சம்பவம் நடந்த பிறகுதான் உறைக்கிறது.

மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னரில் போட்டுவிட்டால் முடிந்தது என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. கன்டெய்னர் சுவர், மருந்து அல்ல. உள்ளே இருக்கும் 5.6-க்கு அதே கோரிக்கை அதே வடிவத்தில்தான் வந்து சேரும். நல்ல சுவருக்குரிய மதிப்பு அதற்கு உண்டு. டேட்டாபேஸின் முழுச் சாவியையும் சுவருக்குள்ளேயே கொடுத்துவைத்தால் அதுவும் இல்லை.

எல்லாவற்றையும் உடனே புதிய பதிப்புக்கு எழுதிவிடலாமே என்பது கடைசி மறுப்பு. காலக்கணக்கைப் பார்த்தால் இதைச் சொல்பவர்களின் நம்பிக்கை வியக்க வைக்கிறது. பைதான் 3 வந்தது 2008 டிசம்பரில். பைதான் 2-ஐ 2015-இல் நிறுத்துவதாகத் திட்டம். முடியாமல் 2020 ஜனவரி 1-க்குத் தள்ளினார்கள். மொழியை உருவாக்கியவர்களே, தங்கள் பயனர்கள் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு நகர ஏழு வருடம் போதும் என்று நினைத்து, பதினோரு வருடத்தில் முடித்தார்கள். பிஎச்பி குழுவும் 2024-இல் ஒரு பதிப்பின் ஆயுளை மூன்று ஆண்டிலிருந்து நான்காக நீட்டியது: இரண்டு ஆண்டு முழு ஆதரவு, இரண்டு ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் மட்டும். அவசரம் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதை அவர்களே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். கட்டண நிரலின் அந்த ஒற்றை வரியை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். அதை மாற்றுவது ஒரு நிமிட வேலை. எந்த வரியை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க, எழுத்தர்கள் பத்து வருடமாக அந்தக் கட்டத்தில் என்னென்ன நிரப்பினார்கள் என்று தெரிய வேண்டும்.

அந்தத் தகவல் நிரலுக்குள் இல்லை, டேட்டாபேஸிலும் பதிவேடுகளிலும் இருக்கிறது. எஃப்பிஎம்-இன் ஒவ்வொரு கதவுக்கும் தனி வருகைப் பதிவேடு வைக்கலாம். எந்தக் கோப்பு எந்தத் தேதியில் கேட்கப்பட்டது என்று அதில் விழும். பழைய தளங்களில் பெரும்பகுதி வெறும் படிப்பதற்கான பக்கங்களாகவே மிஞ்சியிருக்கும். அவற்றை ஒரு முறை ஓடவிட்டு, வருகிற பக்கங்களைச் சாதாரண எச்டிஎம்எல் கோப்புகளாகச் சேமித்துவிட்டால் அவற்றுக்கு இனி எந்தப் பிஎச்பியும் வேண்டாம். மீதியில் சில, மாதங்களாக யாரும் கேட்காதவை. அவற்றை அணைக்கும் முன் பதிவேட்டை ஓராண்டு முழுக்கப் புரட்ட வேண்டும். ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை ஒரு வரிகூட விழாத கோப்பின் பெயர், மார்ச் 31 இரவு ஒரே ஒரு முறை கணக்குப் பிரிவின் கணினியிலிருந்து கேட்கப்பட்டிருக்கும்.